ஆர்பிங்டன் வளர்க்கப் போகிறீர்களா? முட்டையா, குஞ்சா, விடைக்கோழியா, சேவலோடு சேர்த்தா?

பிப்ரவரி பிறந்தால் எனக்குக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். ஹாரோவில் இருந்து ஒருவர் அழைப்பார், லெஸ்டரில் இருந்து ஒருவர் எழுதுவார், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கும் தங்கை ஒருத்தி கையைப் பிடித்துக்கொள்வாள். "அக்கா, வீட்டுக்குப் பின்னால் இடம் இருக்கிறது. பஞ்சுப்பொதி மாதிரி ஒரு பொன்னிறக் கோழி இருக்குமே, அதை வளர்க்க ஆசை. முட்டை வாங்கிப் பொரிக்கலாமா, குஞ்சு வாங்கலாமா, பெரிய கோழியாகவே வாங்கிவிடலாமா?"

பதினோரு ஆண்டுகளாக இங்கிலாந்தின் கென்டில் ஆர்பிங்டன் என்னும் அந்தக் கோழியினத்தை வளர்க்கிறேன். கேட்கிற எல்லா வழிகளிலும் வாங்கிப் பார்த்துவிட்டேன். கேட்பவர்கள் விலையை ஒப்பிடுகிறார்கள். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பிறக்கப் போகும் சேவல்களை என்ன செய்வீர்கள்? இதற்கு விடை தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகத் தெளிந்துவிடும்.

## எந்த ஆர்பிங்டன்?

ஆர்பிங்டன் என்பது ஊர்ப் பெயர். கென்டில் இருந்த அந்த ஊர் இன்று லண்டனின் ப்ரோம்லி பகுதிக்குள் அடங்கிவிட்டது. அங்கே வாழ்ந்த வில்லியம் குக் குதிரை வண்டியோட்டியாக இருந்தவர். மினோர்க்கா, லாங்ஷான், பிளிமத் ராக் என்ற மூன்று இனங்களைக் கலந்து 1886 இல் கறுப்பு ஆர்பிங்டனை உருவாக்கினார். இன்று எல்லோரும் ஆசைப்படும் பொன்னிறக் கோழி 1894 இல் வந்தது. குக் தேடியது முட்டைக்கும் இறைச்சிக்கும் உதவும் ஒரு வீட்டுக்கோழி. பிறகு கண்காட்சிக்காரர்கள் கொச்சின் என்ற கோழியினத்தின் இரத்தத்தைக் கலந்தார்கள். இறகு அடர்ந்தது, உடல் உருண்டது, முட்டை குறைந்தது. ஆஸ்திரேலியாவுக்குப் போன கறுப்பு ஆர்பிங்டனோ வேறு திசையில் வளர்ந்து ஆஸ்ட்ரலார்ப் ஆனது. 1922-23 இல் அந்த இனத்தின் ஆறு பெட்டைகள் 365 நாட்களில் 1857 முட்டை இட்டன.

ஒரே வேரில் இருந்து வந்த இந்தக் கிளைகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். "ஆர்பிங்டன் எத்தனை முட்டை இடும்?" என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. முட்டைக்காகத் தெரிந்தெடுத்து வளர்த்த மரபுவழியில் வந்த பெட்டை ஆண்டுக்கு 180 முட்டை வரை தரலாம். கண்காட்சி வழியில் வந்தது அதில் பாதியோடு நின்றுவிடக்கூடும். எந்த வழியில் வாங்கினாலும் தாய்க்கோழியைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். கால் தெரியாத அளவுக்கு இறகு தரையைத் தொட்டால் அது கண்காட்சிக் கோழி. பார்க்க மிக அழகாக இருக்கும். ஆனால் கென்டின் களிமண் தோட்டத்தில் நவம்பர் முதல் மார்ச் வரை அந்த இறகில் சேறு ஒட்டிக்கொண்டே இருக்கும். பேனும் செள்ளும் அதற்குள் ஒளிந்துகொள்ளும். கோழி மெலிந்தாலும் வெளியே தெரியாது, கையை உள்ளே விட்டு மார்பெலும்பைத் தடவித்தான் அறிய வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது?

முதலாவது சேவல் கணக்கு. பொரிக்கும் குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதி சேவல். இரண்டாவது, முதல் முட்டை கைக்கு வரும்வரை போகும் மாதங்களும் தீவனமும். மூன்றாவது, கருவிகளும் உங்கள் நேரமும். நான்காவது, வாங்கும் உயிரோடு வீட்டுக்குள் வரக்கூடிய நோய். ஐந்தாவது, நிறத்தையும் மரபுவழியையும் நீங்களே தேர்ந்தெடுக்க முடிகிறதா என்பது. விலையை நான் ஆறாவதாகத்தான் வைப்பேன்.

எல்லா வழிகளுக்கும் பொதுவான சில செய்திகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2024 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரே ஒரு கோழி வளர்த்தாலும் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். ஸ்காட்லாந்தில் அதற்கு ஒரு மாதம் முன்பே இந்த விதி வந்துவிட்டது. பறவைக்காய்ச்சல் பரவும் குளிர்காலங்களில் கோழிகளை அடைத்தே வைக்க உத்தரவு வரும். 2022 நவம்பர் முதல் 2023 ஏப்ரல் வரை அப்படித்தான் இருந்தோம். ஆகவே கூட்டை ஒட்டி, கோழிகள் உலவும் ஓட்டவெளிக்குக் கூரை வேண்டும். வீட்டின் உரிமைப் பத்திரத்தையும் எடுத்துப் படியுங்கள், சில பத்திரங்களில் கோழி வளர்க்கக் கூடாது என்றே எழுதியிருக்கும்.

நம் வீடுகளில் தெரியாமலே நடக்கும் ஒரு தவறும் உண்டு. மீந்த சோற்றையும் காய்கறித் தோலையும் கோழிக்குக் கொட்டுவது ஊரில் இயல்பான காரியம். பிரிட்டனில் வீட்டுச் சமையலறையைக் கடந்த எதையும் கோழிக்குக் கொடுப்பது சட்டப்படி குற்றம். பால், முட்டை, இறைச்சி எதுவுமே நுழையாத சமையலறைக்கு மட்டும் விலக்கு. கீரையைத் தோட்டத்திலேயே பிடுங்கி, வீட்டுக்குள் கொண்டுபோகாமல், நேரே கூட்டில் போடுங்கள்.

## கருவுள்ள முட்டையும் இன்குபேட்டரும்

எல்லோரும் முதலில் விரும்புவது இதைத்தான். ஒரு டஜன் முட்டை, ஒரு விடைக்கோழியின், அதாவது இன்னும் முட்டையிடாத இளம்பெட்டையின், விலையைவிடப் பெரும்பாலும் குறைவு. அரிய நிறங்களும் முட்டையாகத்தான் எளிதில் கிடைக்கும். பிள்ளைகளுக்கு அந்த 21 நாளும் திருவிழாதான். ஏழாம் நாள் இருட்டறையில் விளக்கொளியில் முட்டையைப் பிடித்து, சிலந்திவலை போல் இரத்தக் குழாய்கள் படர்ந்திருப்பதை என் மகனுக்குக் காட்டிய இரவை நான் மறக்கவில்லை.

வேலை கடினமானதன்று, ஆனால் கவனம் கேட்கும். முட்டை தபாலில் வந்தால் கூர்முனை கீழே இருக்கும்படி ஒரு நாள் அசையாமல் வைக்க வேண்டும். விசிறி உள்ள இன்குபேட்டரில் வெப்பம் 37.5 பாகை செல்சியஸ். பதினெட்டாம் நாள் வரை முட்டையைத் திருப்ப வேண்டும், பிறகு நிறுத்தி ஈரப்பதத்தைக் கூட்ட வேண்டும். பொரித்த குஞ்சுக்கு முதல் வாரம் 35 பாகை வெப்பம் வேண்டும். அதை வாரம் வாரம் குறைத்து, ஐந்தாறு வாரத்தில் சூட்டுத்தகட்டை அணைக்கலாம்.

இனி மறைந்திருக்கும் செலவு. தபாலில் குலுங்கி வந்த முட்டையில் பாதி பொரித்தாலே நன்று. முதல் ஆண்டு நான் பன்னிரண்டு முட்டை வாங்கினேன். மூன்றில் கருவே இல்லை. நான்கு கூமுட்டையாகப் போயின. பொரித்தவை ஐந்து, அதில் நான்கு சேவல். இன்குபேட்டர், சூட்டுத்தகடு, குஞ்சுத் தீவனம், மின்சாரம் எல்லாம் கூட்டிப் பார்த்தால் அந்த ஒற்றைப் பெட்டைதான் என் கூட்டிலேயே விலை உயர்ந்த கோழி. முட்டை விற்றவரைக் குறை சொல்ல மாட்டேன். ஜனவரியில் கண்காட்சிச் சேவலிடம் கருவை எதிர்பார்த்தது என் அறியாமை. அந்தச் சேவலுக்கும் பெட்டைக்கும் பின்புற இறகு அவ்வளவு அடர்த்தி. அதைக் கத்தரித்துவிடாவிட்டால் சேர்க்கை நடந்தும் பல வேளை கரு பிடிக்காது.

அந்த நான்கு சேவல்களும் ஐந்தாம் மாதத்தில் விடியலுக்கு முன்பே கூவத் தொடங்கின. ஜூன் மாதத்தில் இங்கே விடியல் எத்தனை மணிக்கு என்று உங்களுக்கே தெரியும். பக்கத்து வீட்டு முதியவர் கோபப்படவில்லை. "நான்கு நாளாகத் தூங்கவில்லை" என்று மட்டும் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்த பிறகு எனக்கும் தூக்கம் வரவில்லை. நகராட்சிக்கு முறையீடு போனால் அது ஓசைத் தொல்லையாக விசாரிக்கப்படும். சேவலை ஏற்க ஆள் கிடைப்பது அரிது. விளம்பரங்களைப் பாருங்கள், இலவசமாகத் தருகிறோம் என்று நிற்கும் சேவல்கள் எத்தனை என்று தெரியும். சொந்த வீட்டு உணவுக்கு அறுப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் கையால் கழுத்தை முறிப்பது மூன்று கிலோ வரையான பறவைக்குத்தான். முழு வளர்ச்சி அடைந்த ஆர்பிங்டன் சேவல் நாலரைக் கிலோவைத் தொடும். சமைக்க எண்ணுகிறவர் எடை கூடும் முன்பே, தெரிந்த ஒருவரிடம் நேரில் கற்று முடிக்க வேண்டும். இதை வாயால் சொல்வது எளிது. கையில் குஞ்சாக ஏந்தி வளர்த்த பிறகு எத்தனை பேரால் முடியும்?

யாருக்கு ஏற்றது: அரிய நிறம் வேண்டுபவர், பக்கத்து வீடு தொலைவில் உள்ளவர், சேவலை அறுத்துச் சமைக்க மனமும் பயிற்சியும் உள்ளவர். முட்டை மட்டும் வேண்டுபவருக்கு இந்த வழி வேண்டாம்.

## அதே முட்டை, அடைக்கோழியின் அடியில்

ஏற்கெனவே கோழி வைத்திருப்பவருக்கு இதைவிட நல்ல வழி கிடையாது என்பது என் உறுதியான எண்ணம். ஆர்பிங்டன் பெட்டைக்கு அடை ஆசை அதிகம். ஏப்ரல், மே மாதத்தில் முட்டைப்பெட்டிக்குள் படுத்துக்கொண்டு, கையை நீட்டினால் உடல் முழுவதையும் சிலிர்த்துக்கொண்டு கேறும். பத்துப் பன்னிரண்டு முட்டையை அந்த இறகுக்குள் மறைத்துவிடும். வெப்பம், ஈரம், திருப்புதல் எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். பொரித்த பிறகு சூட்டுத்தகடு வேண்டாம், மின்சாரம் வேண்டாம். கூட்டத்தில் குஞ்சுகளைச் சேர்க்கும் சண்டையும் மிகக் குறைவு, தாய் முன்னே நின்றால் மற்றக் கோழிகள் விலகிக்கொள்ளும்.

என் அம்மம்மா அடைவைக்கும்போது மணல் பரப்பி, முட்டைகளுக்கு நடுவே ஓர் இரும்பாணியும் அடுப்புக்கரியும் வைப்பார். இடி இடித்தால் முட்டை கெடாது என்பார். நான் இங்கே ஆணி வைப்பதில்லை. ஆனால் அவர் செய்த மற்றொன்றை விடாமல் செய்கிறேன். அடைக்கோழியைக் கூட்டத்தில் இருந்து பிரித்து, இருட்டான தனி இடத்தில், தரையோடு தரையாக வைக்கிறேன். இல்லாவிட்டால் மற்றக் கோழிகள் அதே பெட்டியில் புது முட்டை இட்டுவிட, எது எந்த நாள் முட்டை என்று தெரியாமல் போகும்.

இதற்கும் விலை உண்டு. அடையில் மூன்று வாரமும் குஞ்சோடு ஆறேழு வாரமும் அந்தப் பெட்டை முட்டை இடாது. பருத்த ஆர்பிங்டன் கால் வைத்து முட்டையை உடைப்பதும் உண்டு. எனக்கு ஆண்டுக்கு ஒன்றிரண்டு அப்படிப் போகும். சில்கி போன்ற சிறிய இனத்தின் அடைக்கோழி மென்மையாக அமரும், ஆனால் இந்தப் பெரிய முட்டையில் ஐந்தாறைத்தான் மூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, அடை என்பது கோழியின் முடிவு. மார்ச்சில் வேண்டும் என்று நீங்கள் நினைத்தால் அது மே மாதக் கடைசியில்தான் படுக்கும். அப்படித் தாமதமாகப் பொரித்த விடைக்கோழி முட்டைப் பருவத்துக்கு வரும்போது குளிர்காலம் வந்துவிடும். டிசம்பரில் இங்கே எட்டு மணி நேரப் பகல்கூடக் கிடையாது. கோழி முட்டையிட ஏறத்தாழ பதினான்கு மணி நேர வெளிச்சம் கேட்கும். ஆகவே முதல் முட்டை அடுத்த வசந்தத்தில்தான்.

சேவல் கணக்கு இங்கேயும் அதே பாதிதான். அதைக் குறைக்க எந்தத் தாய்க்கோழியாலும் முடியாது.

யாருக்கு ஏற்றது: ஏற்கெனவே கூட்டம் உள்ளவர், அவசரம் இல்லாதவர், சேவலுக்கு வழி செய்துவிட்டவர்.

## குஞ்சாக வாங்குவது

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொரிக்காத முட்டையின் ஏமாற்றம் இதில் இல்லை, மற்றபடி இன்குபேட்டர் வழியின் சுமைகள் எல்லாம் உண்டு. ஆர்பிங்டனில் ஒரு நாள் குஞ்சைப் பார்த்துச் சேவலா பெட்டையா என்று சொல்ல வீட்டுக்காரரால் முடியாது. கொண்டையும் தாடியும் சிவந்து வேறுபாடு தெரிய எட்டு முதல் பத்து வாரம் ஆகும். அதனால் என் அறிவுரை: சேவல், பெட்டை என்று பிரிக்காத ஒரு நாள் குஞ்சு வாங்காதீர்கள். பத்து வாரம் கடந்து, சூடு தேவைப்படாத, பெட்டை என்று வளர்த்தவரே உறுதி சொல்லும் குஞ்சை வாங்குங்கள். "சேவலாக மாறினால் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்பவரிடம் மட்டும் வாங்குவது இன்னும் நல்லது.

மூன்றாம் வாரம் முதல் ஆறாம் வாரம் வரை இரத்தக்கழிச்சல் வரும் காலம். எச்சத்தில் இரத்தம் கண்டால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும், மறுநாள் என்பது பல குஞ்சுகளுக்கு இல்லை. குஞ்சுத் தீவனத்தில் இதற்கான மருந்து கலந்ததும் கலக்காததும் விற்கிறார்கள், பையின் சீட்டைப் படித்து வாங்குங்கள்.

## விடைக்கோழியாக வாங்குவது

இன்னும் முட்டையிடாத இளம்பெட்டையை ஊரில் விடைக்கோழி என்போம். புதிதாகத் தொடங்குபவர்களில் பெரும்பாலோருக்கு நான் சொல்வது இதைத்தான். சேவல் கணக்கு இங்கே ஏறத்தாழப் பூச்சியம். இன்குபேட்டர் வேண்டாம், சூட்டுத்தகடு வேண்டாம். கையில் தூக்கிப் பார்த்து, கண் தெளிவா, மூக்கு ஒழுகுகிறதா, பின்புறம் சுத்தமா, இறகை விலக்கினால் பேன் ஓடுகிறதா என்று எல்லாவற்றையும் சோதித்து வாங்கலாம்.

ஆனால் ஒரு சொல்லில் ஏமாந்துவிடாதீர்கள். இங்கே விளம்பரங்களில் "முட்டையிடத் தயார்" என்ற பொருளில் விற்கும் கோழி பெரும்பாலும் பதினாறு முதல் பதினெட்டு வாரம். கலப்பினப் பழுப்புக் கோழிக்கு அது பொருந்தும், இரண்டு மூன்று வாரத்தில் முட்டை வந்துவிடும். ஆர்பிங்டன் மெதுவாக முற்றும் இனம். 26 முதல் 30 வாரம் ஆகும், கண்காட்சி வழியில் அதற்கு மேலும் ஆகலாம். இடைப்பட்ட பத்து வாரத்துக்கு நாளொன்றுக்கு 150 கிராம் தீவனம் என்று வைத்தால் ஒரு கோழிக்குப் பத்தரைக் கிலோ. நான்கு கோழிக்கு 42 கிலோ, அதாவது 20 கிலோ பை இரண்டுக்கு மேல். முட்டை இல்லாமலே அந்தத் தீவனம் தீரும். செப்டம்பரில் வாங்கினால் வசந்தம் வரை காத்திருக்க வேண்டும். மே, ஜூன் மாதத்தில், சென்ற ஆண்டு இலையுதிர் காலத்திலோ இவ்வாண்டுத் தொடக்கத்திலோ பொரித்ததாக வாங்கினால் கோடை முடிவதற்குள் முட்டை பார்க்கலாம்.

இன்னொரு இடர் நோய். பெரிய பண்ணைகள் கலப்பினக் குஞ்சுகளுக்கு மேரெக் என்னும் கோழி வைரஸ் நோய்க்குத் தடுப்பூசி போட்டு அனுப்பும். வீட்டில் ஆர்பிங்டன் வளர்த்து விற்பவர்கள் பெரும்பாலும் போடுவதில்லை, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஏற்கெனவே கோழி இருந்தால் புதியவற்றை மூன்று வாரமாவது தள்ளி வையுங்கள். ஒரே ஒரு கோழியைத் தனியாக வாங்கிப் பழைய கூட்டத்தில் விடாதீர்கள். ஆர்பிங்டன் சாது, குத்து வாங்கிக்கொண்டே மூலையில் நிற்கும், தீவனத்துக்குக்கூட வராது.

யாருக்கு ஏற்றது: புறநகர் வீடு, நெருக்கமான அயலவர், சிறு பிள்ளைகள், முட்டை ஆசை. அலாட்மென்ட் எனப்படும் குத்தகைத் தோட்டத்தில் வளர்ப்பவருக்கும் இதுவே வழி. 1950 ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே பெட்டைக்கோழி வளர்க்க உரிமை தருகிறது, சேவலுக்குத் தரவில்லை.

## ஒரு சேவலும் இரண்டு பெட்டையும்

இப்படித் தொகுதியாக வாங்குவது, இனத்தைப் பெருக்க வேண்டும் என்று உண்மையாகவே நினைப்பவருக்கு மட்டும். சேவலின் குரலோடு வாழ வேண்டியது ஆண்டு முழுவதும். இரண்டு பெட்டைகளை மட்டும் அதனோடு விட்டால் அவற்றின் முதுகு இறகு போய்விடும். இந்தப் பருத்த இனத்தில் ஒரு சேவலுக்கு ஆறு முதல் எட்டுப் பெட்டை சரியான அளவு. ஆகவே கூடு பெரிதாகும், தீவனம் கூடும், இடம் வேண்டும். சேவலைப் பெட்டைகளின் உடன்பிறப்பாக இல்லாமல் வேறு மரபுவழியில் இருந்து வாங்குவது நல்லது. சேவலை மாற்றினால் மூன்று வாரமாவது பொறுத்து முட்டை எடுக்க வேண்டும், அதுவரை பழைய சேவலின் கருவும் கலந்து வரக்கூடும்.

இத்தனைக்கும் ஈடாக ஒரு மகிழ்ச்சி உண்டு, அது நிறம். நீல ஆர்பிங்டனை நீலத்தோடு சேர்த்தால் சராசரியாகக் கால்பங்கு கறுப்பு, பாதி நீலம், கால்பங்கு வெளிர்நிறத்தில் தெறித்த புள்ளி. சாக்லேட் நிறம் இன்னும் வியப்பு. அந்த மரபணு ஆண், பெண் என்ற பாலோடு பிணைந்தது. சாக்லேட் சேவலைக் கறுப்புப் பெட்டையோடு சேர்த்தால் மகள்கள் எல்லாம் சாக்லேட், மகன்கள் எல்லாம் கறுப்பு. முட்டை உடைந்து வரும் நாளிலேயே எது சேவல் என்று தெரிந்துவிடும். மேலே நான் புலம்பிய சேவல் கணக்குக்கு இந்த ஒரு சேர்க்கையில் முதல் நாளே விடை கிடைக்கிறது. முடிவை எடுக்கும் மனம் மட்டும் உங்களிடம் இருக்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | முட்டையும் இன்குபேட்டரும் | அடைக்கோழி | பிரிக்காத குஞ்சு | விடைக்கோழி | சேவலோடு தொகுதி |
|---|---|---|---|---|---|
| சேவல் சுமை | பாதி | பாதி | பாதி | ஏறத்தாழ இல்லை | நிலையாக ஒன்று, பொரிப்பதில் பாதி |
| முதல் முட்டைக்கு | ஏழெட்டு மாதம் | ஏழெட்டு மாதம், பருவம் தவறினால் மேலும் | ஆறேழு மாதம் | இரண்டு மூன்று மாதம் | வயதைப் பொறுத்து |
| கருவி | மிக அதிகம் | தனிப்பெட்டி மட்டும் | சூட்டுத்தகடு | இல்லை | பெரிய கூடு |
| நோய் உள்ளே வரும் இடர் | குறைவு | குறைவு | நடுத்தரம் | அதிகம் | அதிகம் |
| நிறத் தேர்வு | மிக விரிவு | மிக விரிவு | நடுத்தரம் | குறைவு | உங்கள் கையில் |

எந்த வழியில் வந்தாலும் கூட்டை இந்த உடலுக்கு ஏற்றதாகச் செய்யுங்கள். வாசல் அகலமாக இருக்கட்டும். இரவில் அமரும் கம்பு முழங்கால் உயரத்தைத் தாண்ட வேண்டாம். உயரத்தில் இருந்து குதித்தால் எடை தாங்காமல் பாதத்தில் புண் கட்டி சீழ் வைக்கும். நரிக்கு மெல்லிய கோழிவலை தடையே இல்லை, பற்றவைத்த கம்பிவலையைத் தரைக்கு அடியிலும் மடக்கிப் பதிக்க வேண்டும். இதில் மிச்சம் பிடித்து ஒரே இரவில் கூட்டம் முழுவதையும் இழந்தவர்களை நான் அறிவேன்.

தமிழ்ப் பள்ளி வாசலில் கேட்ட தங்கைக்கு இரண்டு பக்கமும் ஒட்டிய வீடு, ஆறு வயதில் ஒரு மகள். மே மாதம் முட்டைவழியில் வந்த பொன்னிற விடைக்கோழி மூன்று வாங்கச் சொன்னேன். தாய்க்கோழிகளைப் பார்க்க நானும் கூடப் போகிறேன். மகளுக்குக் குஞ்சு பொரிப்பதைக் காட்ட வேண்டும் என்று அவள் தயங்கினாள். அடுத்த வசந்தத்தில் என் பெட்டை அடைக்குப் படுத்ததும் சொல்லி அனுப்புகிறேன், இருபத்தோராம் நாள் பிள்ளையை இங்கே அழைத்து வா என்றேன். அந்தக் குஞ்சுகளின் சேவல்களுக்கு இப்போதே ஒரு பண்ணைக்காரரிடம் பேசி இடம் கேட்டிருக்கிறேன்.